நாற்பத்தொரு முறை திறந்த பாடம்

செரம்பானில் காரை எடுத்ததிலிருந்து லோகேஸ்வரியின் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது ஒரே ஒரு கேள்விதான். பரீட்சையில் பாஸாகிவிட்ட மனிதன் எதற்காக இன்னும் நாற்பது தடவை அதே வகுப்பில் போய் உட்கார வேண்டும்?

"மக்கு மாணவரா இருந்திருப்பாரு பாஸ்," என்றாள், புக்கிட் பூத்துஸ் வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தபடி.

"முதல் தரமே பத்துக்கு எட்டு எடுத்தவர் மக்கு எண்டா, எஸ்.பி.எம் பரீட்சையில கணக்கை மூண்டு தரம் எழுதின உம்மை நான் என்னவெண்டு சொல்லுறது?"

"அதுக்குப் பேரு விடாமுயற்சி பாஸ்."

யோகேந்திரன் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த ரிப்போர்ட்டை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். இருபத்தாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்களை மோப்பம் பிடித்துவிட்டு, இப்போது செரம்பானில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டிருக்கிறவர். சிலோன்காரக் குடும்பம். தாத்தா ரயில்வே கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த காலத்துப் பேச்சு இன்னும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லோகேஸ்வரி தம்பின் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். அவரிடம் ஆறு வருடமாக உதவியாளர் வேலை. சம்பளத்துக்குக் கார் ஓட்டுவாள், படம் எடுப்பாள், ஆளை விசாரிப்பாள். வாயடிப்பது மட்டும் இலவசம்.

ரிப்போர்ட் நான்கு பக்கம். விஷயம் நான்கு வரி. பகாவ் பக்கத்தில் சுங்கை மெராந்தி எஸ்டேட். சன்னாசி, வயது ஐம்பத்தாறு, எண்ணெய்க்கான செம்பனைக்குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுநர். மூன்று வாரத்துக்கு முன்னால் டிராக்டருக்குப் பின்னால் இருக்கும் தொட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, அடியில் சிக்கிய பழங்களை எடுக்கக் குனிந்தார். தொட்டி அவர் மேல் இறங்கிவிட்டது. தூக்கிய தொட்டிக்கு இரும்பு முட்டுக்கம்பி ஒன்று கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. கம்பெனியின் ஆன்லைன் பாதுகாப்புப் பயிற்சியில் ஆறாம் பாடத்தை நாற்பத்தொரு முறை திறந்து பார்த்தவர் என்பதால், தெரியாமல் செய்தார் என்று சொல்ல முடியாது. ஆகவே அலட்சியம். ஆகவே அவருடைய தவறு.

கடைசிப் பக்கத்தின் அடியில் சன்னாசியின் மனைவி மயிலம்மாள் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு கோடு விட்டிருந்தார்கள். திங்கட்கிழமை போட வேண்டும். இன்று வெள்ளி.

காலையில் போன் செய்தது மகள் யாமினி. நீலாயில் வேலை. கம்பெனிகளுக்கு ஆன்லைன் பாடம் தயாரித்துக் கொடுக்கும் ஆபீஸ். ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து எடுத்து வைப்பதுபோல் பேசுகிற பெண்.

"எங்க வேலையில ஒண்ணு நல்லாத் தெரியும்ங்க," என்றிருந்தாள் அவள். "ஒரு பாடத்த முடிச்சவங்க ரெண்டாவது தடவ அதைத் தொறக்கவே மாட்டாங்க. முதல் தடவ தொறக்க வெக்கறதே பெரிய பாடு. அப்பா நாப்பத்தொரு தடவ தொறந்தாருன்னு எழுதியிருக்காங்க. ஆபீஸ்ல யாரோ கள்ளக் கணக்கு எழுதியிருக்காங்க. அதை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. எங்கப்பா அலட்சியமான ஆளு இல்ல."

"நீங்க கடைசியா அவர்ட்ட எப்பப் பேசினீங்க?" என்று லோகேஸ்வரி கேட்டாள். பதில் வந்தது. "நாலு வருஷம் ஆச்சு. டீச்சர் டிரெய்னிங்க பாதியில விட்டுட்டு வந்தேன்னு கோவம். எனக்கும் கோவம்."

அவ்வளவுதான் கேஸ். ஒரு மனிதன் செத்துப் போனது தன் கவனக்குறைவாலா, இல்லையா. திங்கட்கிழமைக்குள் தெரிய வேண்டும். கையெழுத்து விழுந்துவிட்டால் சன்னாசி காலத்துக்கும் அலட்சியக்காரர்தான்.

எஸ்டேட் ஆபீஸில் கிராணி சசிதரன், முப்பது வயது இளைஞன், இருவரையும் வரவேற்று நாற்காலி போட்டான். கம்ப்யூட்டரில் பயிற்சிப் பட்டியலைத் திறந்து காட்டினான். மேலிருந்து கீழ்வரை ஒரே பச்சை.

"நம்ம எஸ்டேட்டுல நூறு சதவீதம் சார். அறுவத்திரண்டு பேரும் ஆறு பாடமும் முடிச்சிட்டாங்க. முன்னெல்லாம் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல ஆளுங்கள நிக்க வெச்சு, வேல வாங்குற மண்டோர் கத்துவாரு. காதுல வாங்குறவன் வாங்குவான், மத்தவன் ரொட்டி தின்னுவான். இப்ப எல்லாம் போன்லயே."

யோகேந்திரன் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். பட்டியலின் மேல் விரலை ஓட்டினார். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது.

"தம்பி, உமக்கு விரல் நோகேல்லையோ?"

"என்ன சார்?"

"மே மாசம் பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணியில இருந்து ஆறு மணிக்குள்ள அறுபத்தொரு பேர் ஆறாம் பாடத்தை முடிச்சிருக்கினம். ஒருத்தர் முடிச்சு ரெண்டு நிமிஷத்தில அடுத்த ஆள். எல்லாருக்கும் பத்துக்குப் பத்து. வரிசையும் உம்முடைய சம்பளப் பட்டியல் வரிசையேதான்."

சசிதரன் முகத்தில் ஈயாடவில்லை. லோகேஸ்வரி எட்டிப் பார்த்துவிட்டு, "அறுவத்தொரு பேரோட போனையும் வாங்கி வெச்சு நீங்களே தட்டித் தள்ளிட்டீங்களா? பரவால்ல, எஸ்டேட்டுலயே நல்லாப் படிச்ச ஆளு நீங்கதான். அறுவத்தொரு சர்ட்டிபிகேட்டு," என்றாள்.

"மேலிடத்துல பச்சை கேக்கறாங்கக்கா. வயசானவங்களுக்கு இது ஒண்ணும் புரியாது. ரொட்டி டின்ல போனெல்லாம் போட்டுக் குடுத்துட்டுப் போயிருவாங்க. எல்லா எஸ்டேட்டுலயும் இப்படித்தான்." குரல் தாழ்ந்துவிட்டது. "எழுதிடாதீங்க சார்."

லோகேஸ்வரிக்கு உள்ளுக்குள் உற்சாகம் பொங்கியது. கேஸ் முடிந்தது என்று முடிவே கட்டிவிட்டாள். "அப்ப சன்னாசி மாமாவோட நாப்பத்தொண்ணும் உங்க கைவேலதானே?"

"சத்தியமா இல்ல. அவரு ஒருத்தருதான் போனக் குடுக்கல. எம் பாடத்த நானே கேட்டுக்கிறேன் போ-ன்னுட்டாரு."

"அவர் சொல்லுறது உண்மை," என்றார் யோகேந்திரன். "பட்டியலில ரெண்டு பிழை விட்ட ஆள் சன்னாசி ஒருத்தர்தான். பத்தொன்பது நிமிஷம் எடுத்த ஆளும் அவர்தான். பிழை விட்டவர் எவரோ, அவர்தான் படிச்சவர். மற்ற நாற்பது தரமும் பாரும், எல்லாம் பின்னேரம் ஆறரையை ஒட்டி. கேள்விப் பக்கத்துக்கே போகேல்ல. பாடம் மட்டும் ஏழு நிமிஷம் ஓடி நிக்குது."

சப்பென்று ஆகிவிட்டது லோகேஸ்வரிக்கு. அதைவிட மோசம், சசிதரன் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டிய ஆறாம் பாடம். மலாய்க் குரல் ஒன்று நிறுத்தி நிதானமாகச் சொன்னது: புதிய தொட்டியில் தானாக விழும் பூட்டு உண்டு, பழைய தொட்டியாக இருந்தால் கட்டாயம் முட்டுக்கம்பி கொடுக்க வேண்டும்.

சுங்கை மெராந்தியில் இருந்தவை அத்தனையும் பழைய தொட்டிகள்.

"இதத்தான் சார் மேனேஜரும் சொல்றாரு," என்றான் சசிதரன். "இவ்வளவு தெளிவா சொல்லியிருக்கு. நாப்பத்தொரு தடவ கேட்டிருக்காரு."

வெளியே வந்து கொட்டகையை நோக்கி நடக்கும்போது லோகேஸ்வரி முனகினாள். "அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்றது பாஸ்? உங்கப்பா உண்மையாவே நாப்பத்தொரு தடவ படிச்சாரு, படிச்சும் செய்யலன்னா?"

"நாற்பத்தொரு தரம் கேட்டவன் ஒரு நாள் மறக்கலாம். ஆனா அவர் மறந்தவரோ, இல்லையோ எண்டு இன்னும் நான் பாக்கேல்லயே."

டிராக்டர் கொட்டகையில் வசந்தன் இருந்தார். சன்னாசியோடு பதினெட்டு வருடம் வண்டி ஓட்டியவர். அந்த டிராக்டரை இப்போது அவர்தான் ஓட்டச் சொல்கிறார்கள். ஏற மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். யாரென்று சொன்னதும் எழுந்து சுவர்ப் பக்கம் கை காட்டினார். ஆணியில் ஒரு இரும்புக் குழாய் தொங்கியது. நாலடி நீளம்.

"இதான் சார் அவரோட முட்டுக்கம்பி. அவரே வெட்டி அவரே வெல்டிங் வெச்சது."

யோகேந்திரன் குழாயைத் தொடவில்லை. அதன் வாயை மட்டும் குனிந்து பார்த்தார். குளவி மண் வைத்து அடைத்திருந்தது. காய்ந்து வெளுத்த மண். நடுவில் ஒரு துளை. குஞ்சு வளர்ந்து பறந்தே போய்விட்டிருந்தது.

"லோகேஸ், ரிப்போர்ட்டில மூண்டாம் பக்கத்துப் படம்."

அவள் எடுத்து நீட்டினாள். விபத்து நடந்த அன்று கம்பெனி எடுத்த படம். கம்பி ஆணியில் தொங்குகிறது, கொடுக்கவில்லை என்பதற்கு ஆதாரம். லோகேஸ்வரி போனில் இருந்த பிரதியைப் பெரிதாக்கினாள். குழாயின் வாயில் அதே மண், அதே துளை.

"அன்னிக்கே இருந்திருக்கு," என்றாள் மெதுவாக. "அதுக்கும் ரொம்ப நாள் முன்னாடி கட்டுன கூடு. குளவிக்கு இவ்வளவு நிம்மதியா குடும்பம் நடத்த நேரம் கிடைச்சிருக்குன்னா, இந்தக் கம்பிய யாரும் மாசக்கணக்கா தொடவே இல்ல."

"அப்ப மறதி இல்லை. மறதி எண்டா ஒரு நாள்." யோகேந்திரன் வசந்தன் பக்கம் திரும்பினார். "எப்பயில இருந்து விட்டவர்?"

வசந்தன் தலையைக் குனிந்துகொண்டார். "மே மாசம் சார். பதினெட்டு வருஷத்துல ஒரு நாளும் கம்பி வெக்காம குனிய மாட்டாரு. நான் வெக்காட்டி என்னையே ஏசுவாரு. திடீர்னு விட்டுட்டாரு. ஏன்ணே, கம்பி எங்கன்னு கேட்டேன். அதெல்லாம் பழைய காலம்டா, இப்ப பூட்டு தானா விழும்னாரு. நம்ம தொட்டியில ஏதுண்ணே பூட்டுன்னேன். உனக்குத் தெரியாது, உள்ள இருக்கும், சொல்ல வேண்டியவங்க சொல்லிட்டாங்கன்னு சிரிச்சாரு லா. அப்படி சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அதோட நான் விட்டுட்டேன். விட்டுருக்கக் கூடாது."

"சொல்ல வேண்டியவங்கன்னா யாரு? மேனேஜரா?"

"மேனேஜர் பேச்ச அவரு எப்பக் கேட்டாரு?"

யோகேந்திரன் மறுபடியும் அந்தக் குழாயைப் பார்த்தார். பிறகு சம்பந்தமில்லாததுபோல் ஒன்று கேட்டார். "சன்னாசி மலாய் வாசிப்பாரோ?"

"பேசுவாரு சார். சந்தைக்குப் போய் வர்ற அளவுக்கு. தமிழ்ப் பள்ளியில ஆறாவதோட நின்னவரு. இந்த மாதிரி கெட்டி மலாய்லாம் அவருக்கு ஓடாது."

"அப்ப நாங்கள் ஏன் மலாய்ப் பாடத்தைப் பாத்திட்டு வந்தனாங்கள்?"

லோகேஸ்வரிக்குப் பொறி தட்டியது. வசந்தனின் போனை வாங்கினாள். சசிதரன் தயவில் பச்சையாகிக் கிடந்த ஆறாம் பாடத்தைத் திறந்தாள். மேல் மூலையில் மொழி மாற்றும் இடம் இருந்தது. மலாயில் இருந்தபோது கீழே சின்ன எழுத்தில் 'ஜூலை, இரண்டாம் பதிப்பு' என்று காட்டியது. தமிழுக்கு மாற்றியதும் அது 'மே, முதல் பதிப்பு' ஆனது.

"பாஸ், ஜூலைல மலாயைத் திருத்தியிருக்காங்க. தமிழத் திருத்தல."

"போடும்."

அவள் அழுத்தினாள்.

"வணக்கம்," என்றது போன்.

இரண்டாவது சொல் வருவதற்கு முன்பே லோகேஸ்வரிக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லாகக் கழுவித் துடைத்து வைக்கிற அந்தக் குரலைக் காலையில்தான் அவள் கேட்டிருந்தாள்.

"தொட்டி முழுவதும் மேலே போனதும், பூட்டு தானாகவே விழுந்துவிடும்," என்றது யாமினியின் குரல், அன்பாக, அவசரமில்லாமல். "தனியாக முட்டுக்கம்பி கொடுக்கத் தேவையில்லை. இப்போது நீங்கள் அடியில் சென்று சுத்தம் செய்யலாம்."

வசந்தன் வாயைப் பொத்திக்கொண்டார். "நம்ம யாமினி பாப்பா மாதிரி இருக்கு," என்றார். "சார், இது நம்ம பாப்பாதான் சார்."

ஏழு நிமிடமும் ஓடி முடிந்தது. கொட்டகைக்கு வெளியே ஒரு லோரி குலை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"அவளுக்குத் தெரியாது பாஸ்," என்றாள் லோகேஸ்வரி காருக்குத் திரும்பும் வழியில். அவசர அவசரமாகப் பேசினாள். "மாசத்துக்கு இருவது முப்பது பாடம் படிப்பாங்க. எழுதிக் குடுக்கறத வாசிச்சிட்டுப் போறதுதான் வேல. எந்தக் கம்பெனிக்கு, எந்த எஸ்டேட்டுக்குப் போகுதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? பாஸ், இத அவகிட்ட சொல்ல வேணாம். புது வண்டிக்கு எழுதின பாடத்தப் பழைய வண்டிக்காரங்களுக்கு அனுப்பிட்டாங்கன்னு மட்டும் எழுதுவோம். அது உண்மைதானே?"

"உண்மைதான். எதை வைச்சுக் காட்டுவீர்?"

அவள் கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே நடந்தாள்.

"மலாய்ப் பாடம் சரியாச் சொல்லுது. கம்பெனி அதைத்தான் தூக்கிப் பிடிக்கும். சன்னாசி மேல பிழை இல்லை எண்டு சொல்லுறதுக்கு உலகத்தில ஒரே ஒரு சாட்சிதான் இருக்கு, லோகேஸ். அந்தச் சாட்சி அவருடைய மகளின்ட குரல். தகப்பனைக் காப்பாத்தச் சொல்லித்தான் அவ எங்களைக் கூப்பிட்டவ."

யோகேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்ததைத்தான் துடைத்தார். கிளம்புவதற்கு முன் ஆபீஸ் பக்கம் நடந்து சசிதரனிடம் இரண்டு நிமிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார்.

சன்னாசியின் வீடு எஸ்டேட் லயத்தில் கடைசி. யாமினி வாசலிலேயே நின்றிருந்தாள். இருபத்தேழு வயது, கறுத்து ஒடிசலான பெண். வாசல் சிமெண்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதில் யாரும் உட்காரவில்லை. மூவரும் படியில் உட்கார்ந்தார்கள். உள்ளே மயிலம்மாள் அடுப்பில் தண்ணீர் வைக்கும் சத்தம் கேட்டது.

"கண்டுபிடிச்சிட்டீங்களா சார்?"

"ஓம். உங்கட அப்பாவில ஒரு பிழையும் இல்லை. அவருக்குச் சொல்லிக் குடுத்த மாதிரியேதான் அவர் செய்தவர். ஒரு சொல் பிசகாமல்."

யாமினி கண்ணை மூடித் திறந்தாள். முகத்தில் மூன்று வாரமாக இறுகியிருந்த ஏதோ ஒன்று தளர்வதை லோகேஸ்வரி பார்த்தாள். பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள் யாமினி. "அப்போ தப்பாச் சொல்லிக் குடுத்தது யாரு?"

யோகேந்திரன் லோகேஸ்வரியைப் பார்த்தார். அவள் பாடத்தைத் தன் போனில் பதிந்து வந்திருந்தாள். அதை எடுத்து யாமினியின் கையில் கொடுத்தாள். "நீயே கேளும்மா," என்று மட்டும் சொன்னாள்.

வணக்கம் என்ற சொல்லில் யாமினி தன் குரலை அடையாளம் கண்டாள். முதலில் குழப்பம்தான். இது எதற்கு இங்கே என்பதுபோல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பூட்டு தானாகவே விழும் என்ற இடம் வந்தபோது அவள் உதடுகளும் கூடவே அசைந்தன. அவள் வாசித்த வரிதானே. முட்டுக்கம்பி கொடுக்கத் தேவையில்லை என்றதும் அசைவு நின்றுவிட்டது.

அவள் பாடத்தை நிறுத்தவில்லை. அழவும் இல்லை. போனை இரண்டு கையாலும் பிடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுப்படியிலிருந்து மயிலம்மாள் வேகமாக வந்தாள். கையில் பெரிய எவர்சில்வர் குவளை நிறையத் தேத்தண்ணி. பிளாஸ்டிக் நாற்காலிவரை வந்தவள், அது காலியாக இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"பழக்கம்," என்றாள், வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோல். "இந்தச் சத்தம் கேட்டா தேத்தண்ணி கொண்டாந்துருவேன். குளிச்சிட்டு வந்து, ஒக்காந்து, இதப் போட்டுட்டுத்தான் குடிப்பாரு."

யாமினி நிமிர்ந்தாள். "அம்மா. அப்பா இது என் குரலுன்னு தெரிஞ்சா கேட்டாரு?"

"தெரியாம? மொத நாளே ஒரு சத்தம் போட்டாரு பாரு, நான் பாம்போன்னு ஓடியாந்தேன். மயிலு, பாப்பா பேசுதுன்னாரு."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

மயிலம்மாளுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "என்னத்தச் சொல்றது? நீதானே அனுப்புன?"

மயிலம்மாள் மகளையே பார்த்துக்கொண்டு, புரிய வைக்கிற பொறுமையோடு தொடர்ந்தாள். "அப்பா எந்த வண்டி ஓட்டுறாரோ அந்த வண்டிக்குன்னு பாத்துப் பாப்பா பாடம் அனுப்பியிருக்குன்னு சொன்னாரு. நேரா பேச ரோசம், அதான் இப்படிப் பேசுதுன்னாரு. டீச்சர் வேல வேணாம்னு போனவ, கடைசியில எனக்கே டீச்சராயிட்டா பாருன்னு லயம் பூரா சொல்லிச் சிரிச்சாரு. நானும், ஒரு போன் போட்டுப் பேசுங்களேன்னேன். தீபாவளிக்கு வருவா, வந்து, நான் சொன்ன மாதிரி செய்றீங்களாப்பான்னு கேப்பா, அப்ப ஆமான்னு சொல்லணும்ல, அதுக்குள்ள நல்லாக் கத்துக்கிறேன்னாரு."

லோகேஸ்வரி எழுந்து வேலிப் பக்கம் போய் நின்றாள். ஆறு வருடத்தில் எத்தனையோ பொய்களைப் பிடித்திருக்கிறார்கள். எவனாவது ஒருவனை மாட்டிவிட்டோம் என்ற திருப்தியோடு காரில் பாட்டுப் போட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். இங்கே பொய் சொன்னவர் யாரும் இல்லை. அப்பா மகளை நம்பினார், மகள் கையில் கொடுத்த தாளை நம்பினாள். அது எவருக்கான தாள் என்று பார்க்க வேண்டியவர்கள் பச்சை நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பி வந்தபோது யாமினி முகத்தைத் துடைத்திருந்தாள்.

"இந்தப் பாடம் எத்தன எஸ்டேட்டுக்குப் போயிருக்கு சார்?"

"பதினொண்டு எண்டு கிராணி சொல்லுறார். ஒம்பது இடத்தில பழைய தொட்டி."

"இன்னும் தமிழ்ல இதான் ஓடுதா?"

"ஓம்."

"நாளைக்குக் காலையில ஆளுங்க வேலைக்குப் போவாங்களே," என்றாள். பிறகு லோகேஸ்வரியிடம், "அக்கா, உங்க போன்ல பதிய முடியுமா?" என்றாள்.

"அவசரப்படாதீங்கோ, பிள்ளை," என்றார் யோகேந்திரன். "இது வெளியில போனா உங்கட வேலை போகும். பாடம் வாசிச்சது நீங்கள் எண்டு எல்லாருக்கும் தெரியும். கம்பெனி உங்களைத்தான் முன்னுக்குத் தள்ளும்."

"தள்ளட்டும் சார். திங்கக்கிழம அம்மா சைன் வெக்க மாட்டாங்க. நான் போய் இதப் போட்டுக் காட்டுறேன். யாரு குரல்னு கேட்டா, என் பேர நானே சொல்றேன்."

லோகேஸ்வரி போனை அவள் முன்னால் பிடித்தாள். யாமினி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். பேச ஆரம்பித்தபோது அது அப்படியே அந்தப் பாடத்தின் குரல்.

"வணக்கம். என் பெயர் யாமினி. டிராக்டர் தொட்டி பற்றிய பாடத்தில் நான் சொன்ன ஒரு வரி தவறு. பழைய தொட்டியில் பூட்டு கிடையாது. யார் சொன்னாலும், நானே சொல்லியிருந்தாலும், முட்டுக்கம்பி கொடுக்காமல் அடியில் போகாதீர்கள்."

முடிந்தது என்று நினைத்து லோகேஸ்வரி விரலை எடுக்கப் போனாள்.

"போகாதீங்கப்பா," என்றாள் யாமினி.

லோகேஸ்வரி பாஸைப் பார்த்தாள். வெட்டிவிடவா என்று கண்ணால் கேட்டாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். திருத்தம் ஒன்று கையில் கிடைத்தால் பதினொரு எஸ்டேட் கிராணிகளுக்கும் இன்றைக்கே அனுப்பி, விடிந்ததும் பெரட்டில் போட வைப்பதாகச் சசிதரன் அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தான். லோகேஸ்வரி அவனுக்கு அதை அப்படியே அனுப்பினாள். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: பதினொரு பேருக்கும் போட்டுட்டேன் அக்கா.

"இது ஒண்ண மட்டும் அவரு கேட்டிருந்தாருன்னா," என்று தொடங்கிய யாமினிக்கு அதற்கு மேல் வரவில்லை. அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது. தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மயிலம்மாள் குவளையைக் கீழே வைத்துவிட்டு மகளின் தலையைத் தடவினாள். ஆறுதல் சொல்வதாகத்தான் அவள் நினைத்தாள்.

"கேட்டிருப்பாரும்மா," என்றாள். "நீ சொன்னதையெல்லாம் கேட்டாரே."